தாம்பாளத்தில் ஒரு நாய்ச்சங்கிலி

அத்தாச்சியோடு நடக்கப் போனால் நேரத்துக்கு வீடு திரும்ப முடியாது. மற்றவர்கள் நடப்பது காலால். அவர் நடப்பது வாயால். வழியில் வீடு கட்டிக்கொண்டிருந்தால் நின்று, "ஜன்னலை ஏன் மேக்கால வச்சீங்க?" என்று கேட்பார். புதிதாக ஒரு வண்டி நின்றால் எவ்வளவு போட்டு வாங்கினீர்கள் என்பார். வாய்க்கால் கரையில் முகம் தெரியாத ஆள் உட்கார்ந்திருந்தாலும் விடமாட்டார். "யாரு என்னன்னு கேட்டுடுவோமே" என்று சொல்லிக்கொண்டே போய்க் கேட்டும் விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்கப்பட்டவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை.

அவர் எனக்கு உறவில்லை. தெருவில் யாரோ ஒருத்தர் அண்ணன் மனைவி முறையில் அப்படிக் கூப்பிட ஆரம்பிக்க, பால்காரர் முதல் கேஸ் சிலிண்டர் போடுகிற பையன் வரை எல்லோருக்கும் அவர் அத்தாச்சி ஆகிவிட்டார். நான் அவருக்கு "டீச்சர்". அறுபதை ஒட்டிய வயது. கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்தபோது பேசியதே போதும் என்று முடிவெடுத்தவர் மாதிரி வாய் திறக்கவே மாட்டார். அவருக்கும் சேர்த்து அத்தாச்சிதான் பேசினார். காலில் சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பிய ஷூ. ஒரு அளவு பெரிசு. முன்னால் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டு, கண்டாங்கிச் சேலையை அரை முழம் தூக்கிச் செருகி நடப்பார்.

மன்னார்குடியில் எங்கள் தெருதான் அந்தப் பக்கத்துக் கடைசித் தெரு. அதைத் தாண்டினால் வாய்க்கால், ஒரு மதகு, அப்புறம் கண்ணுக்கு எட்டிய வரை வயல். எனக்குச் சர்க்கரை ஏறியபோது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். "காலையில நடங்க டீச்சர். நடக்கலைன்னா இன்சுலின் ஊசிதான்." எட்டாம் வகுப்பில் நான் குரல் கொடுத்தால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து அமைதியாகும். அப்பேர்ப்பட்ட நான் ஊசி என்றால் பச்சைப் பிள்ளை. மறுநாளே நடக்கக் கிளம்பிவிட்டேன். வாசலைத் தாண்டும்போது எதிர்வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு ஷூவோடு அத்தாச்சி வந்தார்.

"தனியாவா டீச்சர்? நானும் வரட்டா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் அந்த நடை எனக்குப் பிடித்துப்போனது. பள்ளிக்கூடமும் இல்லாமல் அடுப்பும் இல்லாமல் எனக்கென்று இருந்த நேரம் அது ஒன்றுதான். மாத்திரையைக் குறைக்கலாம் என்று டாக்டரே சொன்னார். எல்லாம் ஆடி மாதம் அந்த நாய் வரும் வரைக்கும்.

மதகுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வீடு. சொந்தமாக நிலம் வைத்துச் சாகுபடி செய்கிற குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளை ஒரு நாய் வளர்த்தான். ராஜபாளையம் என்று சொன்னார்கள். நிறம் மட்டும்தான் ராஜபாளையம், மற்றதெல்லாம் கலப்படம். பெயர் புல்லட். பேருக்கேற்ற வேகம். எந்நேரமும் அவிழ்ந்தே கிடக்கும். தினமும் குரைத்துக்கொண்டு ஓடிவந்து, எங்களுக்கு ஒரு கஜம் முன்னால் நின்றுவிடும். ஒரு நாள் அது நிற்கவில்லை. என் கெண்டைக்காலில் பல் பதிந்தது.

உள்ளேயிருந்து அந்த வீட்டு அம்மா, "ஓடாதீங்க, ஓடாதீங்க! அது ஒண்ணும் செய்யாது!" என்று கத்தினார்.

"செஞ்சிருச்சும்மா! எல்லாத்தையும் செஞ்சு முடிச்சிருச்சு!" என்று நானும் கத்தினேன்.

அத்தாச்சி அதற்குள் இரண்டு வீடு தள்ளி ஒரு வீட்டுக்குள் பாய்ந்து போய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பதற்றத்திலும் என்ன சமயோசிதம் என்று நான் வியந்துபோனேன். ஊசிக்குப் பயந்துதான் நடக்கப் போனேன். நடக்கப் போனதால் ஊசி போட்டார்கள். அரசு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து வலது தோளைக் காட்டியபோது எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அதோடு நடை நின்றது. மதகு இருக்கும் திசையைப் பார்த்தாலே வீட்டுக்குள் திரும்பிவிடுவேன். மொட்டை மாடியில் நடக்கச் சொன்னார் என் கணவர். துணிக்கொடியில் கழுத்து மாட்டிக்கொண்டதுதான் மிச்சம். தெரு வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு யோசனை. குச்சி எடுத்துட்டுப் போங்க. குச்சி எடுத்தாத்தான் கடிக்கும். கண்ணைப் பாருங்க. கண்ணைப் பார்க்கவே பார்க்காதீங்க. ஒருத்தர் சொன்னாரே என்று பிஸ்கட் பாக்கெட்டோடு தெருமுனை வரை போய்ப் பார்த்தேன். புல்லட்டைத் தவிர ஊரில் இருந்த அத்தனை நாயும் என் பின்னால் வந்தது. அடுத்த பரிசோதனையில் சர்க்கரை எகிறிவிட்டது. "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம். குறையலைன்னா ஊசி ஆரம்பிச்சுடலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று குழுவில் நீளமாகப் போட்டேன். போட்ட கையோடு அத்தாச்சி வந்து நின்றார்.

"போலீஸ் வந்தா இன்னிக்குக் கட்டுவாங்க. நாளைக்கு அவுத்து விடுவாங்க. நம்ம மேல உள்ள கோவத்துல நல்லாவே அவுத்து விடுவாங்க. முறையாப் போயி கேப்போம் டீச்சர்."

"என்ன முறை? கடிச்சது அவங்க நாய். நான் போய் அவங்ககிட்ட முறை பண்ணணுமா?"

"வெறுங்கையோட போனா சண்டை. தட்டோட போனா விசேஷம். எது வேணும் உங்களுக்கு?"

இந்தத் தட்டு விவகாரம் எனக்குப் புதிதில்லை. சர்வேயராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் கடைத்தெருப் பக்கம் ஒரு குட்டிப் பொமரேனியன் வைத்திருந்தார். போகிற வருகிற பெண்களின் சேலை முந்தியைக் கவ்வுவதே அதற்குத் தொழில். அத்தாச்சி ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு முழம் பூ எல்லாம் வைத்து, வாசலில் நின்று, "அய்யா, எடுத்துக்கணும்" என்று நீட்டினார். மனுஷர் ஏதோ கல்யாணப் பத்திரிகை என்று எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிவிட்டார். பூவை விலக்கினால் உள்ளே நாய்ச்சங்கிலி. வாங்கிய தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? மறுநாளிலிருந்து பொமரேனியன் கட்டுக்குள். அந்தச் சர்வேயர் இன்றைக்கும் அத்தாச்சியைக் கண்டால் கும்பிடுவார். பரீட்சை நேரத்தில் கோயில் ஒலிபெருக்கியைக் குறைக்கச் சொல்லப் போனதும் தட்டோடுதான். பக்கத்து வீட்டு மாடித் தண்ணீர் தன் வாசலில் விழுந்ததற்கும் தட்டுதான். அதனால் வெற்றிலைக் கடைக்காரர் இவரைப் பார்த்ததும், "யாருக்கு அத்தாச்சி இன்னிக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் கட்டைப் பிரிப்பார்.

ஒரு தடவை கேட்டேன், நாயை அதட்டி விரட்டினால் போதாதா, இத்தனை சடங்கு எதற்கு என்று.

"நாய்கிட்ட எனக்கு என்ன பேச்சு? பேசத் தெரிஞ்சவங்ககிட்ட பேசுவோம்" என்றார்.

சரி, போவோம் என்று நான் இறங்கி வந்தால் அவர் நாள் பார்த்தார். ஆடியில் தட்டு எடுக்கக் கூடாதாம். ஆவணி பிறக்கட்டுமாம். "அத்தாச்சி, என் சர்க்கரைக்கு ஆடி ஆவணி தெரியுமா?" என்று கத்தினேன். அசையவில்லை. ஆவணி பிறந்து, வளர்பிறை வந்து, புதன்கிழமையும் வந்த பிறகுதான் கிளம்பினார். இரண்டு பெண்கள் மட்டும் போனால் நன்றாக இருக்காது என்று என் கணவரையும் தன் கணவரையும் வேட்டி கட்ட வைத்தார். அவர் பட்டுச்சேலை, நான் பட்டுச்சேலை, ஆளுக்கொரு தாம்பாளம். நாலு பேரும் தெருவில் நடந்தபோது ஜன்னல்கள் திறந்தன. எனக்கு மானம் போனது.

அந்த வீட்டு கேட்டுக்கு ரொம்ப தூரத்திலேயே அத்தாச்சி நின்றுகொண்டார். "வீட்டுல யாரும்மா? விருந்தாளி வந்திருக்கோம். கொஞ்சம் நாயைப் பிடிச்சுக்குங்க!" நாயைப் பின்கட்டுக்கு இழுத்துப்போன பிறகுதான் அடி எடுத்து வைத்தார். என்ன ஒரு கௌரவம் என்று அதற்கும் நான் ஒரு அர்த்தம் சொல்லிக்கொண்டேன்.

எங்களைப் பார்த்த அந்த அம்மாவின் முகம் இருக்கிறதே! நாய் என்னைக் கடித்த நாளில் உள்ளேயிருந்தே கத்திய அதே அம்மா, "வாங்க வாங்க, உள்ள வாங்க, ஐயோ இப்படித் திடீர்னு" என்று ஓடி வந்து ஜமக்காளம் விரித்தார். உள்ளே எங்கோ நெய் காய்கிற வாசனை. சற்று நேரத்தில் முப்பது தாண்டிய அந்தப் பிள்ளை, மடிப்புக் கலையாத புதுச் சட்டையோடு வந்து சுவரோரம் நின்று தரையைப் பார்த்தான். எங்கள் முன்னால் கேசரி வந்தது. காராசேவு வந்தது. நாய் விஷயமாகப் போனவர்களுக்குக் கேசரியா என்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என் கணவர் சந்தோஷமாகச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்.

"தரகர் ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா வீட்டை ஒழுங்கு பண்ணி வச்சிருப்பேன்" என்றார் அந்த அம்மா. "பொண்ணு எந்த ஊருங்க?"

அப்போதுதான் புரிந்தது. பட்டுச்சேலை, வேட்டி, தட்டு, வளர்பிறைப் புதன். அவர்கள் பிள்ளைக்குச் சம்பந்தம் பேச வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். கையில் எடுத்த கேசரியைக் கீழே வைத்தேன். உண்மையைச் சொன்னால் இந்த அம்மாவின் முகம் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் என் நடை என்ன ஆகும்? நான் அத்தாச்சியைப் பார்த்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"தம்பிக்கு இன்னும் அமையலையாம்மா?"

"எங்கங்க அமையுது? விவசாயம்னு சொன்னாலே போனை வச்சுடுறாங்க. அதையும் மீறி ரெண்டு எடம் வந்துச்சு. வாசல் வரைக்கும் வந்தாங்க."

"வந்து?"

அந்த அம்மா பின்கட்டைப் பார்த்தார். பிள்ளை இன்னும் உற்றுத் தரையைப் பார்த்தான்.

"புல்லட் விரட்டிடுச்சு. முந்தின தரகரோட வேட்டியக்கூட... அந்த ஆளு அப்புறம் இந்தப் பக்கமே வரலை."

அத்தாச்சி எழுந்தார். தட்டை எடுத்தார். "அம்மா, உண்மையச் சொல்லிடறேன். நாங்க பொண்ணு விஷயமா வரலை. இந்த டீச்சரை உங்க நாய் கடிச்சிருச்சு. நடந்தாத்தான் இவங்களுக்கு உடம்பு. பயத்துல நடையை விட்டுட்டாங்க, இப்ப ஊசியில வந்து நிக்குது. நாயைக் கட்டுங்கன்னு கேக்கத்தான் வந்தோம். ஆனா ஒண்ணு சொல்றேன். நாய் அவுந்து கெடக்குற வீட்டுக்கு எந்தப் பொண்ணைப் பெத்தவன் படியேறுவான்? டீச்சருக்காகக் கட்ட வேணாம். உங்க மருமகளுக்காகக் கட்டுங்க."

தட்டை நீட்டினார். பூவுக்கு அடியில் சங்கிலி மின்னியது. அந்த அம்மா அதைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், தன் பிள்ளையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. நான் திட்டு வாங்கத் தயாரானேன். அவரோ தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, விடுவிடுவென்று உள்ளே போய், தன் வீட்டுத் தாம்பாளத்தில் தேங்காயும் மஞ்சளும் வைத்து வந்து அத்தாச்சி கையில் கொடுத்தார்.

"நான் உங்க தட்டை வாங்கிட்டேன். நீங்களும் என் தட்டை வாங்கிட்டீங்க. நாயை நான் கட்டுறேன். பொண்ணை நீங்க பாத்துக் குடுக்கணும்."

என்னிடம் வந்து, "கால் ஆறிடுச்சாம்மா?" என்று கேட்டபோது என் கோபமும் போன இடம் தெரியவில்லை. வெளியே வந்ததும், தட்டோடு வந்தால் விசேஷம் என்றீர்களே, வந்துவிட்டது பாருங்கள் என்று நான் சீண்டினேன். அத்தாச்சி சிரிக்கவில்லை. தட்டு மாற்றிக்கொண்டது அவருக்கு விளையாட்டில்லை.

மறுநாளே நடை தொடங்கியது. முதல் சில நாள் மதகு வந்தால் நான் தெருவின் மறு ஓரத்துக்குப் போய்விடுவேன். புல்லட் கட்டிய இடத்திலிருந்து சங்கிலியை இழுத்துக் குரைக்கும். அந்தப் பிள்ளை கையைத் தாழ்த்தி, "புல்லட், உக்காரு" என்பான். சில நாள் உட்காரும். அப்புறம் எனக்கும் பழகிவிட்டது, அதற்கும் பழகிவிட்டது. நாயிடமிருந்து தப்பித்தோமே தவிர அந்த அம்மாவிடமிருந்து தப்ப முடியவில்லை. தினமும் கேட்டருகே நின்று, "ஏதாவது தோது வந்துச்சா?" என்பார். அத்தாச்சி நடந்துகொண்டே ஊர் ஊராகப் போன் பண்ணினார். பேராவூரணியில் ஒரு தென்னந்தோப்புக் குடும்பம், திருவாரூரில் ஒரு இடம், எதுவும் கூடவில்லை. "நெலம் இருக்கு, குணம் இருக்கு, பையன் தண்ணி போடமாட்டான், இதுக்கு மேல என்னங்க வேணும் உங்களுக்கு?" என்று முகம் தெரியாதவர்களோடு அவர் போட்ட சண்டையில் எங்கள் நடை இன்னும் அரை மைல் நீண்டது. என் சர்க்கரை இறங்கிக்கொண்டே வந்தது. ஊசிப் பேச்சை டாக்டர் விட்டுவிட்டார்.

கடைசியில் கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு பெண் அமைந்தது. மாசி மாதம், வீடு பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். பெண்ணும் கூடவே வருகிறாளாம். இருக்கப் போகிற வீட்டை நானே பார்க்கிறேன் என்றாளாம். முன்னின்று பேசியவர்கள் என்ற முறையில் நானும் அத்தாச்சியும் அவர் கணவரும் தெருமுனையில் வரவேற்க நின்றோம்.

சம்பா அறுவடை முடிந்த நேரம். தெரு நெடுக நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். நடுவில் மூட்டை ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று நின்றது. அவர்கள் வந்த வேன் உள்ளே வர முடியவில்லை. பெண் வீட்டார் இறங்கி, தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பெண்ணின் அப்பா முன்னால், நான் அவர் பக்கத்தில், அத்தாச்சி பெண்ணோடு பேசிக்கொண்டே பின்னால்.

அந்த வீட்டு அம்மா அன்றைக்கு ஒரு காரியம் செய்திருந்தார். நல்ல நாளும் அதுவுமாக வருகிறவர்கள் கண்ணில் இரும்புச் சங்கிலி படக்கூடாது என்று அதைக் கழற்றிவிட்டு, புதுக் கயிற்றில் மஞ்சள் தடவி, கழுத்தில் பூவும் சுற்றி நாயைக் கட்டியிருந்தார். புல்லட்டுக்கு அந்தக் கயிறு எம்மாத்திரம்?

மாலையும் அறுந்த கயிறுமாக, காய்ந்த நெல் இரண்டு பக்கமும் சிதற அது நேராக எங்களை நோக்கி வந்தது. பெண்ணின் அப்பா தாம்பாளத்தைக் கேடயம் மாதிரி பிடித்தார். தேங்காய் உருண்டு வாய்க்காலுக்குப் போனது. எனக்கும் ஓடத்தான் தோன்றியது. ஆனால் என் வாய் எட்டாம் வகுப்பு வாய். எங்கிருந்து வந்ததோ தெரியாது, நாலு தெருவுக்குக் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டேன்.

"டேய் புல்லட்! உக்காரு!"

நெல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. நான் போய்க் கயிற்றைப் பிடித்தேன். அது என் கையை நக்கியது.

"உங்க வீட்டு நாயாங்க?" என்று தாம்பாளத்துக்குப் பின்னாலிருந்து பெண்ணின் அப்பா கேட்டார்.

"ஆமாங்க, எங்க நாய்தான்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது. அடக்க மாட்டாமல், முந்தியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் கை காட்டிய பக்கம் திரும்பினேன். மூட்டைகளின் உச்சியில், டிரெய்லருக்கு மேல், பட்டுச்சேலையை முழங்கால் வரை வாரிச் சுருட்டிக்கொண்டு அத்தாச்சி உட்கார்ந்திருந்தார். ஒரு ஷூ கீழே கிடந்தது. ஏணி கிடையாது, பிடிமானம் கிடையாது. அந்த வயதில் எப்படி ஏறினார் என்று டிராக்டர்காரருக்கும் தெரியவில்லை. அவருடைய கணவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடி, எத்தனையோ காலத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே பெண் வீட்டாருக்குப் பயம் தெளிந்துவிட்டது. வைகாசியில் கல்யாணம் நடந்தது.

அத்தாச்சி பிறகு மகனோடு இருக்கச் சிங்கப்பூர் போய்விட்டார். அங்கேயும் யாரையாவது நிறுத்தி எதையாவது கேட்டுக்கொண்டுதான் இருப்பார். எனக்கு மட்டும் அன்று டிராக்டருக்குக் கீழே நின்று நான் கேட்டதும், மேலேயிருந்து அவர் சொன்னதும் அப்படியே நினைவில் இருக்கிறது.

"அத்தாச்சி, உங்களுக்கு நாய்னா பயமா?"

"பயமில்லாதவளா இருந்தா, நான் எதுக்கு டீச்சர் வீடு வீடாத் தட்டைத் தூக்கிக்கிட்டு அலையுறேன்?"